கதவில் எழுதிய புட் அப்

திருப்பதியில் உங்கள் எல்லோருக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் குடியிருந்த எங்களுக்குத்தான் இல்லை.

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எனக்கு நேரில் கோபப்படத் தெரியாது என்பது என் வயதொத்த அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளுமான உங்களுக்குத் தெரிந்ததுதான். கோபம் வந்தால் எனக்கு முதலில் விக்கல் வரும். விக்கிக்கொண்டே ஒருவரைத் திட்டிப் பாருங்கள், எதிராளி பயப்படுவதற்குப் பதில் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வருவார். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருடன் போட்ட சண்டைகளெல்லாம் சொம்புத் தண்ணீரில் முடிந்திருக்கின்றன. எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. எழுத்தில் விக்கல் கேட்காது.

விஷயம் இதுதான். போன வாரம் சின்னத்தையின் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். நாற்பது வயதைத் தாண்டியும் நாம் மொட்டை என்றே கூப்பிடுகிற அவன்தான். பெயர் வந்தது குழந்தையில் அடித்த மொட்டையால். இப்போது கத்தி வைக்காமலேயே பொருத்தமாகிவிட்டது. தரிசனத்துக்கு வருகிறோம், உங்கள் வீட்டில் தங்குகிறோம் என்றான். என் அம்மா இடமில்லை என்றாள். அவ்வளவுதான். மறுநாள் நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று ஆரம்பித்தீர்கள். மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கும்போது இடமில்லை என்றால் வேறென்ன அர்த்தம் என்று ஒருத்தி கேட்டிருந்தாள். ஒருவர் நரம்பு டாக்டரின் நம்பரை அனுப்பி, அடியில் கை கூப்பும் படமும் போட்டிருந்தார். அம்மா கெட்டிக்காரியாகத்தான் இருக்கிறாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று தெரிய வேண்டுமானால், மொட்டைக்கு முதல் மொட்டை அடித்த கோடை விடுமுறைக்கு என்னோடு வாருங்கள். உங்களில் பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். பாயில் எனக்கும் சுவருக்கும் நடுவில் படுத்திருந்தீர்கள்.

அது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த வாடகை வீடு. அந்தத் தூரம்தான் அந்த வீட்டின் சாபம். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் ஒரு குழாய். காலையில் மட்டும் தண்ணீர் வரும். நைனா, என் அப்பா, பஸ் டிப்போவில் ஃபிட்டர். மலை பஸ்ஸின் டிரைவர் கண்டக்டரெல்லாம் அவருக்குப் பழக்கம் என்பது நகரி, புத்தூர், திருத்தணி, வேலூர் வரைக்கும் நம் சொந்தத்தில் பரவியிருந்த செய்தி. வருகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். வாசலில் செருப்புக் குவியல். கொடியில் ஈர வேட்டி. மொட்டைத் தலைகளில் காய்ந்த சந்தனம் உதிர்ந்து தலையணையெல்லாம் மாவு மாதிரி இருக்கும். லட்டு நெய்யும் கற்பூரமும் நைனா சட்டையின் டீசலும் கலந்த அந்த வாசனையை நான் அப்புறம் எங்கேயும் முகர்ந்ததில்லை. முகர விருப்பமும் இல்லை.

நைனா நல்லவர். அதுதான் கஷ்டம். ஏழுமலையானைப் பார்க்க வருகிறவனை வாசலோடு அனுப்பினால் ஏழுமலையானையே வாசலோடு அனுப்பின மாதிரி என்பார். அதைச் சொல்லிவிட்டு அவர் டிப்போவுக்குப் போய்விடுவார். ஏழுமலையானுக்குச் சோறு பொங்கிப் போடுவது அம்மா.

அம்மா நகரிப் பக்கம் கரும்பு போட்ட குடும்பத்துப் பெண். பத்தாவது முடித்ததும் கல்யாணம். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே பன்னிரண்டாவதுக்குச் சமமான இன்டர் பரீட்சையைத் தனியாக எழுதிப் பாஸ் செய்தவள். இங்கிலீஷ் என்றால் அவளுக்கு ஓர் ஆசை. கடைத்தெருவுக்குப் போனால் லாட்ஜ் பெயர்ப் பலகைகளையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வருவாள். பஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்த வெளியூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: எங்கே புட் அப் ஆகியிருக்கிறீர்கள்? எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். திருப்பதியில் அந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு தெரு கூடத் தாண்ட முடியாது. எனக்கு அது ஏதோ சாமி பெயர் மாதிரி காதில் விழும்.

அந்தக் கோடையில் பக்கத்துத் தெருவில் புதிதாக ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் வந்தது. தகரக் கூரை, நான்கு வகுப்பு, வாசலில் சறுக்கு மரம். என்னைச் சேர்க்க முடியுமா என்று விசாரிக்கப் போன அம்மாவிடம் பள்ளிக்கூடத்துச் சொந்தக்காரி, நாங்கள் கரஸ்பாண்டெண்ட் அம்மா என்று சொல்கிறவர், என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அம்மாவைப் பற்றித்தான் கேட்டார். எதுவரை படித்தாய், பிள்ளைகளிடம் சத்தமாகப் பேசுவாயா என்று கேட்டார். கடைசியில், ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையை எடுத்துக்கொள், அதன் அர்த்தம் எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு விளங்க வை, நான் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று ஒரு வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். சரியாக வந்தால் ஜூனிலிருந்து வேலை.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே அம்மா வார்த்தையை முடிவு செய்துவிட்டாள். புட் அப். "தெனமும் காதுல உழறதுதானே," என்றாள்.

அன்றிலிருந்து சமையலறைக் கதவின் உள்பக்கம் கரும்பலகையானது. கரிப்புகை படிந்த கதவு, சாக்பீஸ் நன்றாகப் பிடித்தது. அம்மா ஒவ்வொரு அர்த்தத்துக்கும் ஒரு வாக்கியம் எழுதினாள். எல்லாம் எங்கள் வீட்டிலிருந்தே எடுத்தது. கையைத் தூக்கு. கொடி கட்டு. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார்கள். ஓட்டல்காரன் இட்லி விலையை ஏற்றிவிட்டான். என் நாத்தனார் எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாள். அந்தப் பையன் பலமாக எதிர்த்து நின்றான். ஒரே புட் அப் எப்படித் தூக்கும், கட்டும், ஏற்றும், தங்கும், எதிர்த்தும் நிற்கும் என்று எனக்கு ஆச்சரியம். ஒரு மனுஷி செய்கிற வேலையெல்லாம் அது செய்கிறதே என்று சொன்னேன். அம்மா சிரித்தபடி மாவு ஆட்டிக்கொண்டே, "உன்ன மாதிரி ஒண்ணும் செய்யாம கீற வார்த்த கூட இங்கிலீஷ்ல கீதுடி," என்றாள்.

நான்தான் மாணவி. அரிசி டின்மேல் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் கை தூக்குவேன். பதில் ஒன்றும் தெரியாது. தூக்குவதில் மட்டும் நான் முதல். இன்று வரைக்கும் என் இங்கிலீஷ் அந்தக் கதவளவுதான். டெலிபோன் ஆபீசில் இத்தனை வருஷம் அதை வைத்தே ஓட்டிவிட்டேன்.

அப்புறம் சின்னத்தை வந்தாள்.

சின்னத்தை நைனாவின் கடைசித் தங்கை. அவள் கணவர் மெட்ராஸில் பாங்கு ஆபீசர். நாம் இங்கிலீஷ் மாமா என்போம். கையில் ஒரு வயதுக் குழந்தை, கூட அவர் பக்கத்துச் சொந்தம், லீவுக்கு நீங்கள். வேன் நிறைய வந்து இறங்கினீர்கள். குழந்தைக்கு மலையில் மொட்டை அடித்துக் காது குத்த வேண்டும். வந்தவர்கள் ஒரு வாரம் இருப்பதாக ஏற்பாடு.

முதல் நாள் சாயங்காலச் சாப்பாட்டின்போதே இங்கிலீஷ் மாமா கதவைப் பார்த்துவிட்டார். வெரி குட் சிஸ்டர் என்றார். இலையை விட்டு எழுந்திருக்காமலே பரீட்சை வைக்க ஆரம்பித்தார். அம்மா ரசம் ஊற்ற வந்தால் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். அப்பளம் கொண்டு வந்தால் இன்னொன்று. சொன்னதும் அதே மாதிரி சொல்லிக் காட்டுவார், கொஞ்சம் இழுத்து, அம்மாவின் குரலில். பந்தியே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்பளம் வாயில் இருந்ததால் என் சிரிப்பு எல்லோரையும் விடச் சத்தமாகக் கேட்டது. அம்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், முகம் மட்டும் கொதித்துப்போயிருந்தது.

கை கழுவி வந்த மாமா சாக்பீஸை எடுத்து, முக்கியமானதை விட்டுவிட்டீர்களே சிஸ்டர் என்று கதவின் அடியில் அவரே ஒரு வரி எழுதினார். பின்னால் வித் என்று சேர்த்துக்கொண்டால் பொறுத்துக்கொள்வது என்று அர்த்தமாம். இதற்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள் பார்ப்போம் என்றார்.

"யோசிச்சு சொல்றண்ணா," என்று சொல்லிவிட்டு அம்மா எச்சில் இலைகளை எடுக்கப் போனாள்.

அவருடைய கையெழுத்து அழகாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

மொட்டைக்கு முதலில் வெள்ளிக்கிழமை என்றுதான் பேச்சு. மாமா யாரோ பெரிய மனிதரைப் பிடித்து நல்ல தரிசனமாக வாங்கியிருந்தார். அது வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவின் வியாழக்கிழமை. அவள் நைனாவிடம் முன்பே சொல்லி, நைனாவும் தலையாட்டியிருந்தார். இப்போது நைனா கூரையைப் பார்த்தார்.

அம்மா வீட்டிலிருந்து சமையல் மட்டும் செய்கிறேன், நீங்கள் போய் வாருங்கள் என்றாள். அது நடக்காது என்றாள் சின்னத்தை. நம் குடும்பத்தில் முதல் மொட்டை தாய்மாமன் மடியில்தான். அது ஊரெல்லாம் உள்ளது. நம் குடும்பத்தில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு: முதலில் வெட்டுகிற முடி கீழே விழாமல் மாமன் பெண்டாட்டியின் முந்தானையில் விழ வேண்டும். உங்கள் எல்லோருடைய முடியும் ஏதாவது ஒரு மாமி முந்தானையில்தான் விழுந்தது.

"மாமன் மடி, மாமி முந்தான. நீ வரலன்னா எம்புள்ள முடி எங்க உழும் அண்ணி?" என்றாள் சின்னத்தை. அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"ஒரு நாள் சமாச்சாரம். அந்த ஸ்கூலு எங்கயும் ஓடிப்போவாது. நாளான்னிக்குப் போயேன்," என்றார் நைனா.

"நாளான்னிக்கு வேற ஒருத்தி வந்து நிப்பா," என்றாள் அம்மா. மாவு ஆட்டப் போய்விட்டாள். அன்று உரலில் போட்ட அடியில் நியாயமாகப் பார்த்தால் கல் உடைந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடிந்ததும் புளிசாதம், இட்லி, குழந்தைக்குக் கஞ்சி, எல்லாம் கட்டி வேனில் ஏற்றினோம். வேன் அலிபிரிக்கு வந்து நின்றது. மலைக்குப் படி ஏறி நடக்கிறவர்கள் அங்கேதான் தொடங்குவார்கள். அம்மா கையில் மஞ்சள் குங்குமப் பொட்டலத்தோடு வேனை விட்டு இறங்கினாள்.

"நானு நடந்து வரேன். படிக்குப் படி மஞ்சா குங்குமம் வெக்கிறேன்னு வேண்டுதல் கீது. முடி எடுக்க நேரத்துக்கு மேல வந்துர்றேன்."

"எப்ப வேண்டிக்கின?" என்றார் நைனா.

"உன்னக் கட்டிக்கின அன்னிக்கு."

வேன் சிரித்தது. வேண்டுதல் என்றால் எங்கள் வீட்டில் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள். முடி எடுக்க நல்ல நேரம் உச்சி வேளைக்கு மேல்தான். அதற்குள் நடந்தே வந்துவிடலாம். துணைக்கு நான் இறங்கினேன். நீங்களும் நடக்கிறோம் என்று உங்களில் ஒரு கூட்டம் இறங்கப் பார்த்தது நினைவிருக்கிறதா? அப்போது வழியில் கரடி இருக்கிறது, தோடு போட்ட பிள்ளைகளைத்தான் முதலில் பிடிக்கும் என்று ஒரு சத்தம் வந்து, எல்லோரும் ஏறி உட்கார்ந்துகொண்டீர்கள். அது என் சத்தம். அம்மாவின் திட்டமெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு வாரமாக அவள் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்காத எரிச்சலில் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் உருப்படியானது அது ஒன்றுதான்.

வேன் வளைவில் மறைந்ததும் அம்மா படிக்குப் போகவில்லை. முதல் படிக்கு முன்னால் நின்று ஒரு கும்பிடு போட்டாள். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஊருக்குள் திரும்பிப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

"வாய மூடிக்கினு வா," என்றாள்.

தகரக் கூரையின் கீழே தெருப்பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். கரஸ்பாண்டெண்ட் அம்மா கடைசி பெஞ்சில் விசிறியோடு இருந்தார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு பலகைக்கு முன்னால் போனாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டில் அது எங்கே ஒளிந்துகொண்டிருந்ததோ. எல்லோரையும் கை தூக்க வைத்தாள். இரண்டு பையன்களைக் கம்பமாக நிறுத்தி ஒரு துண்டைப் பந்தலாகக் கட்டினாள். ஒரு பெண் இட்லிக்காரியாகி விலையை ஏற்றிக்கொண்டே போனாள். ஒரு குண்டுப் பையனைப் பெஞ்சில் நீட்டிப் படுக்க வைத்து, இவர் வேலூரிலிருந்து வந்திருக்கிறார், நம் வகுப்பில் புட் அப் ஆகியிருக்கிறார், எழுந்திருக்கவே மாட்டார் என்றாள். அவன் உடனே குறட்டை விட்டான். எதிர்த்து நிற்பதை விளக்க அவனை எழுப்பச் சொன்னாள். நான்கு பேர் சேர்ந்து இழுத்தும் அவன் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். இந்தத் தடவை வாயில் அப்பளம் இல்லை.

விசிறியை வைத்துவிட்டுக் கரஸ்பாண்டெண்ட் அம்மா எழுந்து வந்தார். "ஜூன்லோ ரண்டி," என்றார் தெலுங்கில். ஜூனில் வாருங்கள். அலமாரியைத் திறந்து கலர் சாக்பீஸ் பெட்டி ஒன்றை அம்மா கையில் வைத்தார்.

மலை பஸ் பிடித்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முடி எடுக்க உட்காரும் நேரம். வழியெல்லாம் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே வந்தாள். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள், அவள் சிரித்தாள். அங்கே இங்கிலீஷ் மாமா நடைபாதைக் கடையில் நின்று, பிறந்து ஒரு வருஷமான பிள்ளைக்கு ஐஸ் போட்ட ரோஸ் மில்க்கை டம்ளரோடு புகட்டிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் சிவப்பு. நான் பார்த்தேன். எனக்கும் ஒன்று வாங்கித் தருவாரா என்றுதான் பார்த்தேன். தரவில்லை.

நைனா மடியில் குழந்தை. அம்மா குனிந்து முந்தானையை விரித்துப் பிடித்தாள். முதல் முடி அதில் விழுந்தது. அப்போதுதான் சின்னத்தை அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். படிக்குப் படி குங்குமம் வைத்து வந்தவளின் விரல் சிவந்திருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தது. முந்தானை ஓரத்திலும் வெள்ளை. இங்கிலீஷ் மாமா எட்டிப் பார்த்து, சாக்பீஸ் மாதிரி இருக்கிறதே சிஸ்டர் என்றார், ஏதோ வாழ்த்துச் சொல்வது போல.

சாமி பார்த்துவிட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் குழந்தைக்கு உடம்பு கொதித்தது.

இதற்குமேல் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெரிந்தது பாதிதான். சாமியிடம் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடக்காமல் போனவளின் முந்தானையில் முடி விழுந்ததால்தான் காய்ச்சல் என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். அம்மா சுவரோரம் நின்றாள். நான் சொன்னேன், சொல்லத்தான் பார்த்தேன். ரோஸ் என்றேன். விக்கல். மறுபடி ரோஸ் என்றேன். விக்கல். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். சின்னத்தை என் தலையில் தட்டினாள். பிள்ளைக்குத் தாகம், அறைக்குள் கூட்டிப் போ என்றார் நைனா. அந்த வாக்கியத்தை இன்றைக்குத்தான் முடிக்கிறேன். ரோஸ் மில்க். ஐஸ் போட்டது. கொடுத்தவர் இங்கிலீஷ் மாமா. அவரும் அந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். டம்ளரை மறந்துவிட்டார்.

காலையில் காய்ச்சல் இறங்கிப் பிள்ளை விளையாட ஆரம்பித்தது. தீர்ப்பு இறங்கவில்லை. அம்மா சொன்னபடி படி ஏறிப் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும். எந்த வேலைக்காகப் பொய் சொன்னாளோ அந்த வேலை வேண்டாம். நைனாவே பள்ளிக்கூடத்துக்குப் போய் அவள் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் பயந்திருந்தார், கெட்டவர் இல்லை என்று பிற்காலத்தில் எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். விக்கல்தான் வருகிறது.

சமையலறைக் கதவில் இருந்ததை யாரும் அழிக்கவில்லை. யாரோ ஈரத் துண்டை அதன்மேல் போட்டார்கள். துண்டை எடுத்தபோது மாமா எழுதிய கடைசி வரி மட்டும் அடியில் மிச்சம் இருந்தது. கலர் சாக்பீஸ் பெட்டியை வாசலில் நொண்டிக் கட்டம் போட்டுத் தீர்த்தது நீங்கள். பச்சையை நான்தான் கேட்டு வாங்கினேன்.

நல்ல நாள் பார்த்ததில் அம்மா படி ஏற வேண்டிய நாள் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கே விழுந்தது. தற்செயல் என்று நைனா கடைசிவரை சொன்னார். அவர் பையோடு முன்னால் போனார். அம்மா ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து நிமிர்ந்தாள். நான் குங்குமத் தட்டோடு பக்கத்தில். போகிறவர்கள் வருகிறவர்கள் கோவிந்தா போட்டார்கள். அம்மாவின் உதடும் விடாமல் அசைந்துகொண்டிருந்தது. ஒரு கிழவி நின்று அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

எனக்கு மட்டும்தான் கேட்டது. புட் அப் யுவர் ஹேண்ட் என்று ஒரு படி. பந்தல் அடுத்த படி. இட்லி விலை. நாத்தனார். எதிர்த்து நின்ற பையன். மறுபடி முதலிலிருந்து கை. வெயில் ஏறி, பாதி வழியிலிருக்கும் காலி கோபுரம் எட்டும்போது குரலே இல்லை, உதடு மட்டும். வரிசை மாறவே இல்லை. ஒன்று மட்டும் அதில் வரவில்லை. மாமா எழுதினதை ஏம்மா சொல்ல மாட்டேங்கிற என்று கேட்டேன்.

"அது எதுக்குடி," என்றாள். "அத வாயால வேற சொல்லணுமா?"

அதற்கப்புறமும் நீங்கள் வந்தீர்கள். கல்யாணமாகி வந்தீர்கள், பிள்ளைகளோடு வந்தீர்கள், சம்பந்திகளைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அம்மா புளிசாதம் கட்டினாள். அத்தை கை மணம் என்றீர்கள். பக்கத்துத் தெருத் தகரக் கூரை மாடிக் கட்டடமாகி, அதன் பஸ்கள் எங்கள் தெருவில் திரும்பும்போது அம்மா கோலத்திலிருந்து நிமிர்ந்து வழி விடுவாள். நான் சம்பாதித்து வீடு கட்டினேன். மாடியில் இரண்டு அறை எடுத்ததே நீங்கள் வந்தால் தங்கத்தான். என் புத்தியை எந்த டாக்டரிடம் காட்டுவது?

இனி போன வாரப் போன். அம்மா ஸ்பீக்கரில்தான் பேசினாள், எனக்கு எல்லாம் கேட்டது.

"அத்த, தரிசனத்துக்கு வரோம். உங்க வீட்லயே புட் அப் ஆயிடறோம்," என்றான் மொட்டை.

அம்மா பிள்ளைகள் படிப்பை விசாரித்தாள். அவன் முட்டி வலியை விசாரித்தாள். சின்னத்தைக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டு, வெந்தயம் ஊற வைத்துக் குடிக்கச் சொன்னாள். பிறகு, "ரூம் போட்டுக்கோப்பா. இங்க எடமில்ல," என்றாள்.

அவன் சிரித்தான். "மாடி காலியாதான கீது அத்த?"

"காலியாதான் கீது. எடமில்ல."

அவன் இன்னும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தான். சரி அத்த, ஒடம்பப் பாத்துக்கோ என்று வைத்துவிட்டான். அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினி பேருன்னு கேக்கவே இல்லியே," என்றாள். பழக்கம். அதற்குத் தக்கபடிதானே அரிசி ஊற வைக்க வேண்டும்.

யாரும் வரவில்லை அம்மா, நீதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாயே என்றேன். அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இடமில்லை என்று சொன்னதற்காக அதற்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. வீட்டிலும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. தெருவில் பள்ளிக்கூட பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது.

"இவ்ளோதானா?" என்றாள் என்னைப் பார்த்து.